இரவல் மணல்

மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளின் அடியில், மின்சாரமில்லாத ஒரு பொது முகாமில் மூன்று இரவுகள்

மிச்சிகன் ஏரிக்கரையை அடைந்ததும் நான் முதலில் செய்த காரியம், அறுபது வயது தாண்டிய மனிதனுக்கு அவ்வளவு பொருத்தமானது என்று சொல்ல முடியாது: கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஜலத்தில் இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரையில் அலை புரள்கிறது. அலையின் தலையில் நுரை நிற்கிறது. தொலைவில் ஒரு சரக்குக் கப்பல் நகர்வதே தெரியாமல் நகர்கிறது. எதிர்க்கரை என்று ஒன்று உண்டென்பதற்குக் கண்ணுக்கெட்டிய மட்டும் எந்த அத்தாட்சியும் இல்லை. இவ்வளவு லட்சணங்களும் பொருந்தியிருந்தும் உப்பு ஒன்று இல்லாத காரணத்தால் அதை ஏரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள என் நாக்குக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நானும் முதல் தடவை வந்தபோது இதைத்தான் செய்தேன், பெரியப்பா" என்று கரையில் நின்று சிரித்தான் என் தம்பி மகன். டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் உத்தியோகம் பார்ப்பவன். ஜூன் மாதக் கடைசியில் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வருகிற விருந்தாளிகளையெல்லாம் வழக்கமாக அழைத்துப் போகும் நயாகராவுக்கு என்னையும் அழைத்துப் போகாமல், வடமேற்கே நாலரை மணி நேரம் கார் ஓட்டி வந்து, இந்த ஏரிக்கரைக் காட்டில் ஒரு கூடாரத்தில் மூன்று இரவு படுக்க வைத்த புண்ணியம் அவனையே சேரும்.

ஐக்கிய அமெரிக்காவின் வடக்கே கிடக்கும் ஐந்து பேரேரிகளில், கனடாவுக்குப் பங்கில்லாமல் முழுமையாக அமெரிக்க எல்லைக்குள்ளேயே அடங்கியது இது ஒன்றுதான். நீளம் 307 மைல். அகன்ற இடத்தில் 118 மைல் அகலம். ஆழமான இடத்தில் 923 அடி. இதன் கிழக்குக் கரையில், 71,000 ஏக்கர் விஸ்தீரணத்தில், 1970-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் மூலம் ஏற்பட்டது 'ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ்' என்ற தேசிய ஏரிக்கரைப் பூங்கா. தூங்கும் கரடியின் மணற்குன்றுகள் என்பது பெயரின் பொருள். 2011-இல் ஒரு பிரசித்தமான தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நேயர்கள் வாக்களித்து, அமெரிக்காவிலேயே அழகான ஸ்தலம் என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காரிலேயே போய்ச் சேரக்கூடிய முகாம்கள் இந்தப் பூங்காவில் இரண்டு உண்டு. தெற்கே பிளாட் நதியின் பக்கத்தில் இருப்பதில் மின்சார வசதியுள்ள இடங்களும் வெந்நீர்க் குளியலறையும் உண்டு. கிளென் ஆர்பர் என்ற சிற்றூருக்கு மேற்கே, ஏரியை ஒட்டிய மரக்கூட்டத்துக்குள் இருக்கும் டி. எச். டே முகாமில் இரண்டும் கிடையாது. இருப்பதை விட்டு இல்லாததை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன்.

"ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, பெரியப்பா. வாடகையும் குறைவு. தவிர, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்தானே ஜனங்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்?"

முதல் இரண்டு காரணங்களும் உடனே விளங்கின. மூன்றாவது விளங்க அன்று சாயங்காலம் ஆயிற்று.

இல்லாமையின் சௌகரியங்கள்

கூடாரம் போடக் கொஞ்சம் சமதரை, பெஞ்சோடு சேர்ந்த ஒரு மரமேஜை, நெருப்பு மூட்டத் தரையில் பதித்த ஓர் இரும்பு வளையம், எண் எழுதிய ஒரு கம்பம்: கொடுத்த வாடகைக்கு நமக்கென்று பிரத்தியேகமாகக் கிடைப்பது இவ்வளவே. கம்பத்தில் ஒரு சீட்டு செருகியிருக்கும். இன்ன தேதி வந்தவர்கள், இன்ன தேதி போக வேண்டியவர்கள் என்று அதில் குறித்திருக்கும். குடிதண்ணீருக்குப் பொதுக் குழாய்தான். கழிப்பிடம் என்பது நிலத்துக்கடியில் ஒரு பெரிய தொட்டி, அதன்மேல் ஓர் ஆசனம், சுற்றிலும் நாலு சுவர். பஞ்சபூதங்களில் ஜலத்துக்கு மட்டும் அங்கே பிரவேசம் இல்லாதபடியால், புறப்படும்போதே ஒரு பிளாஸ்டிக் சொம்பை என் பையில் சொல்லாமல் வைத்துவிட்ட தம்பி மருமகளின் தீர்க்கதரிசனத்தை மூன்று நாளும் மானசிகமாக வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய் இறங்கியபோது இரும்பு வளையத்தின் அருகே நாலு விறகுக் கட்டைகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விறகைப் பற்றி இங்கே கண்டிப்பான ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகைத் தூரத்திலிருந்து காரில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்து, 2002-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை நிறமான ஒரு சிறு வண்டு, அதன் புழு பட்டைக்கு அடியில் துளைத்துத் தின்பதனாலேயே, 'ஆஷ்' என்ற மரத்தைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. அந்த வண்டு தன் சிறகை நம்பிப் பறந்து போகும் தூரம் அற்பம். உல்லாசப் பிரயாணிகளின் விறகுக் கட்டில் ஏறிச் சவாரி செய்து போகும் தூரமோ நூற்றுக்கணக்கான மைல். ஆகையால் விறகை அக்கம்பக்கத்திலேயே வாங்க வேண்டும். வாங்கி வந்த கட்டைகள் ஒவ்வொன்றும் தொடைக் கனம். எங்களிடம் இருந்ததோ காய்கறிக் கத்தி. நாங்கள் படும் அவஸ்தையை எதிர்க் கூடாரத்திலிருந்து கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயோதிகர், பிறகு பொறுக்க மாட்டாமல் ஒரு கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் நாலு கட்டையைச் சிராயாகப் பிளந்து போட்டுவிட்டு, மிச்சத்தை நீங்களே பிளந்து பழகுங்கள் என்று கோடாலியை எங்களிடமே விட்டுப் போனார். ஆறு வயதில் தம் தகப்பனாரோடு இதே மரத்தடிக்கு வந்தவராம்.

தம்பி மகன் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். கதவு இல்லை, ஆகையால் கதவைச் சாத்திக்கொள்வதும் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகிறவன் நாலு கூடாரங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. தாண்டிப் போகிறவன் முகமன் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் முகாமின் வளைவுப் பாதையில் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகின்றன. லட்சாதிபதியின் கூடாரமும் பள்ளிக்கூட உபாத்தியாயரின் கூடாரமும் அரையடி வித்தியாசத்துக்கு மேல் உயர முடியாத அந்த இடத்தில், சமத்துவம் என்பதை யாரும் பிரசங்கம் செய்யவில்லை; இடத்தின் அமைப்பிலேயே அது கலந்திருக்கிறது.

சூரியாஸ்தமனத்தைப் பார்க்க ஒன்பதரை மணிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. வடக்கே நாற்பத்தைந்தாம் அட்சரேகை. போதாக்குறைக்குக் கிழக்குக் கடற்கரைக்கு வைத்த கடிகாரத்தையே அந்த மண்டலத்தின் மேற்கோரத்திலும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முகாமிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக மரக்கூட்டத்தை விட்டு மணலுக்கு வந்து, நாற்காலியை ஏரியைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் தூங்கும் கரடி முனை. வலப்பக்கம் தொலைவில் பிரமிட் முனை. நடுவே ஜலத்தின்மேல் மிதப்பது போல இரண்டு மானிட்டூ தீவுகள். சூரியன் தண்ணீரைத் தொட்ட பிறகு அரைமணிக்கு மேல் வெளிச்சம் இருந்தது. பத்து மணிக்கு முகாம் முழுவதும் மௌனம் அனுஷ்டிக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக அல்லாமல் அசதியினாலேயே அனுஷ்டித்தோம்.

அந்த அசதியில் ஆகாரப் பெட்டியைக் காருக்குள் வைத்துப் பூட்ட மறந்துவிட்டோம். பின்னிரவில் மேஜைமேல் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால், ரொட்டிப் பொட்டலம் முழுவதும் காலி. இட்லி மிளகாய்ப்பொடி டப்பா மட்டும் மூடி திறந்தபடி கவிழ்ந்து கிடந்தது. சிந்திய பொடியின்மேல், கைக்குழந்தை ஒன்று உள்ளங்கையை வைத்து அழுத்தியது போல, ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிய ஒரு தடம். ரக்கூன் என்ற அந்தப் பிராணி பொடியை ருசி பார்த்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். மறு இரவு அது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நடமாடும் குன்றுகள்

மறுநாள் காலையில் மணல் ஏறப் போனோம். முகாமிலிருந்து சிறிது தூரத்தில், பெரிய மணற்சரிவு ஒன்று கார் நிறுத்துமிடத்தின் விளிம்புவரை வந்து நிற்கிறது. ஓர் அடி வைத்தால் முக்கால் அடி கீழே சறுக்குகிறது. உச்சியில் ஏரி தெரியும் என்ற நம்பிக்கையில் மூச்சிரைக்க ஏறி நிமிர்ந்தால், எதிரே இன்னொரு மணல்மேடு, அதற்கப்பால் இன்னொன்று. மிச்சிகன் ஏரிக்குப் போய்த் திரும்ப மூன்றரை மைல் மணலில் நடக்க வேண்டும். ஆனால் ஏமாந்து திரும்பிப் பார்த்தவனுக்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது: ஏறி வந்த திசையில், கீழே, நீலமும் பச்சையுமாகக் கிளென் ஏரி விரிந்து கிடக்கிறது. தம்பி மகன் மேற்கொண்டு நடந்தான். நான் அங்கேயே உட்கார்ந்தேன்.

இந்தக் குன்றுகளின் உயரத்தைக் கண்டு, அவ்வளவும் மணல் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் வடக்கே பின்வாங்கியபோது, தாம் அரைத்துச் சுமந்து வந்த கூழாங்கல்லையும் களிமண்ணையும் மணலையும் இந்தக் கரையில் பெரிய மேடுகளாகக் கொட்டிவிட்டுப் போயின. அந்த மேட்டின் பாதத்தை அலை அரிக்க, அரித்து உதிர்ந்த மணலை மேற்கத்திக் காற்று செங்குத்தான முகத்தின் வழியே மேலே தூக்கிக்கொண்டு போய் உச்சியில் சேர்த்தது. கிழவன் தலையில் கட்டிய தலைப்பாகை மாதிரி, உயரம் பனிப்பாறை கொடுத்தது. மணல் அதன்மேல் சுற்றியது. ஏரி மட்டத்துக்கு மேல் 450 அடி உயரத்தில், பியர்ஸ் ஸ்டாக்கிங் என்ற மரவியாபாரி அமைத்து 1967-இல் திறந்துவைத்த வண்டிப்பாதையின் ஓரத்தில் நின்று பார்த்தால், மணற்சரிவு நேரே ஜலத்தில் போய் முடிகிறது. இறங்கச் சில நிமிஷங்கள். திரும்பி ஏற இரண்டு மணி நேரமும் ஆகலாம் என்று பலகை வைத்து எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கையைப் படித்துவிட்டே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு காலில் தவழ்ந்து ஏறிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தேன்.

கரடிக்கு வருவோம். இந்தப் பிரதேசத்தின் ஆதிகுடிகளான அனிஷினாபே மக்களின் புராணப்படி, ஏரியின் எதிர்க்கரையில் மூண்ட பெருந்தீக்குத் தப்பி ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் நீந்தத் தொடங்கின. தாய் கரையேறிவிட்டது. குட்டிகள் கரை தெரியும் தூரத்தில் மூழ்கிப் போயின. அவை வருமென்று மேட்டின் உச்சியில் படுத்துக் காத்திருந்த தாயை மணல் மூடியது. மூழ்கிய குட்டிகள் இரண்டும் இரண்டு தீவுகளாயின. படுத்திருக்கும் கரடியைப் போலக் காட்சியளித்த அந்தத் தனிமேடு, இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் அடர்ந்த செடிகொடிகளோடு 234 அடி உயரம் இருந்தது. 1961-இல் 132 அடி. 1980-இல் 103 அடி. அலை அடியை அரிக்க, காற்று முதுகைக் கரைக்க, தாய்க்கரடியும் தன் குட்டிகளைப் போலவே கொஞ்சங் கொஞ்சமாகக் கண்ணை விட்டு மறைந்துகொண்டிருக்கிறாள்.

மணலுக்கு இங்கே மனிதன் அடங்கிப் போன ஒரு சரித்திரமும் உண்டு. கரைக்கும் தீவுகளுக்கும் இடையிலான கடவில் புயலில் சிக்கும் கப்பல்களின் மாலுமிகளைக் காப்பாற்றுவதற்காக, அரசாங்கத்தின் உயிர்காப்புப் படை தூங்கும் கரடி முனையில் நிறுவிய நிலையம் 1902 முதல் வேலை செய்தது. மணல்மேடு ஒன்று அந்தக் கட்டடத்தை நோக்கி நகர்ந்து வந்தது. அதைத் தடுக்க வழியில்லாமல், 1931-இல் கட்டடத்தையே பெயர்த்துக் கிளென் ஹேவன் கிராமத்துக்கு அருகே கொண்டுபோய் வைத்தார்கள். அதே முனையில் 1914, 1971, 1995 ஆகிய ஆண்டுகளில் கரையில் ஒரு பெரிய பகுதி சரிந்து ஏரிக்குள் போயிருக்கிறது. மணல் மூடிய மரங்கள் மடிகின்றன. காலம் சென்று மணல் விலகியதும், பட்டை உரிந்து வெளுத்த அவற்றின் எலும்புக்கூடுகள் நின்ற கோலத்திலேயே வெளிப்படுகின்றன.

இந்த நிலையற்ற மண்ணையே நம்பி வாழும் ஜீவன்கள் உண்டு. பிட்சர் முட்செடி என்ற வெண்சாம்பல் நிறச் செடி, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதைத்துவிட்டு, மடிந்து போகிறது. கூழாங்கல் கரையில் கூழாங்கல் நிறத்திலேயே முட்டையிடும் ஒரு சிறு பறவை உண்டு. நம் பாஷையில் உப்புக்கொத்தி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. உப்பே இல்லாத ஏரிக்கு ஓர் உப்புக்கொத்தி! பேரேரிகளைச் சார்ந்த அதன் கூட்டம் 1986-இல் அழியும் தறுவாயிலுள்ள இனமாகப் பிரகடனமானபோது ஏறக்குறைய 17 ஜோடிகளே எஞ்சியிருந்தன. 2023-இல் அது 80 ஜோடிகளை எட்டியது. அவற்றில் கணிசமானவை இந்தப் பூங்காவின் கரையில்தான் கூடு கட்டுகின்றன. அதற்காகக் கோடையில் கரையின் சில பகுதிகளைக் கயிறு கட்டி மறித்துவிடுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குருவிக்காக நூற்றுக்கணக்கான மனிதர்கள் சுற்றிப் போகிறார்கள்.

பிரபுவின் நிலமும் பொதுஜனத்தின் நிலமும்

முகாமுக்குப் பெயர் கொடுத்த டேவிட் ஹென்றி டே, 1878-இல் ஒரு நீராவிக் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டாகக் கிளென் ஹேவனுக்கு வந்தவர். வந்த கப்பல்களுக்கெல்லாம் எரிப்பதற்கு விறகு விற்ற அந்தக் கிராமத்தையும், துறைமுக மேடையையும், மர அறுவை ஆலையையும், சுற்றியிருந்த காட்டையும் காலக்கிரமத்தில் தமதாக்கிக்கொண்டு, செர்ரித் தோட்டங்களும் பால்பண்ணையும் வைத்து, ஒரு குட்டி ஜமீன்தாரைப் போல் வாழ்ந்தார். மிச்சிகன் மாநிலத்தில் பூங்காக் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. 1920-இல் ஏரிக்கரையில் 32 ஏக்கரைப் பொதுமக்களுக்கென்று தானம் செய்தார். அதே பிரபுவின் காட்டில், அதே இருபதுகளில், தனவந்தர்களுக்கென்று கோல்ஃப் மைதானத்தோடு ஆடம்பரமான ஒரு வாசஸ்தலத்தை நிர்மாணிக்கும் திட்டமும் உருவாயிற்று. 1928-இல் டே காலமானார். அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் செல்வர்களின் திட்டம் கரைந்து போயிற்று. கூடாரத்துக்காரர்களுக்கு ஒதுக்கிய மரத்தடி மட்டும் நிலைத்தது.

ஆனால் பொதுவென்று ஒரு நிலம் ஆவதற்கு முன், அது யாருக்கோ சொந்தமாக இருந்திருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். செனட்டர் ஃபிலிப் ஹார்ட் 1961-இல் பூங்கா மசோதாவைக் கொண்டுவந்தபோது, கரையோரத்தில் வீடும் தோட்டமும் வைத்திருந்த குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதன் பின்னர் நிலங்களை அரசாங்கம் வாங்கியது. மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, மனம் வெதும்பிக் கொடுத்தவர்களும் உண்டு. சிலருக்கு, அவர்கள் கட்டிய வீட்டிலேயே இன்ன வருஷம்வரை இருக்கலாம் என்று கெடு வைத்துக் குடியிருப்புரிமை கிடைத்தது. அவர்களுக்கும் முன்னால், 1836-இல் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின் மூலம் அனிஷினாபேக்களான ஒடாவா, சிப்பேவா மக்கள் இந்தப் பிரதேசம் உட்பட மிகப் பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த உடன்படிக்கையில் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட மீன்பிடி உரிமையை நீதிமன்றம் உறுதிப்படுத்தியது 1979-இல்தான்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் கம்பத்தில் செருகியிருந்த தேதிச் சீட்டு, இந்தக் கரையில் எல்லார் பேரிலும் எழுதியிருக்கிறது. பிரபுவுக்கு ஐம்பது வருஷம். வீட்டுக்காரர்களுக்குக் கெடு முடியும்வரை. உயிர்காப்பு நிலையத்துக்கு மணல் வந்து சேரும்வரை. கரடிக்கு அலை அனுமதிக்கும்வரை. நம் பாஷையில் பொதுநிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர் வைத்தோம். நாளடைவில் அதை வசைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். எவனுக்கும் சொந்தமில்லாத நிலம் எவன் வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளக்கூடிய நிலம் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான ஓர் எண்ணத்தை இங்கே கண்டேன்: எல்லாருக்கும் சொந்தமானபடியால் எவனும் எதையும் எடுத்துப் போகக் கூடாது. இந்தக் கரையில், ஆதிகாலப் பவழங்கள் கல்லாகிச் சமைந்த பெட்டோஸ்கி கற்கள் கிடைக்கும். 1965 முதல் மிச்சிகனின் அதிகாரபூர்வமான கல் அதுவே. ஈரத்தில் நனைந்தால் மட்டும் அதன் அறுகோணக் கட்டங்கள் துலக்கமாகத் தெரியும். உள்ளங்கையளவில் ஒன்றை அலை என் காலடியில் கொண்டுவந்து போட்டது. பூங்காவின் எல்லைக்குள் கல்லெடுப்பது சட்டவிரோதம். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்து மங்கத் தொடங்கியதும் மறுபடி ஜலத்திலேயே விட்டேன்.

நாலாம் நாள் காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே, முகாமைப் பராமரிக்கும் தொண்டர் ஒருவர் சிறு வண்டியில் வந்து, எங்கள் சீட்டை எடுத்துவிட்டு, அன்று மத்தியானம் வரப்போகிறவர்களின் சீட்டைக் கம்பத்தில் செருகிவிட்டு, எங்களுக்கு நல்ல பிரயாணம் சொல்லிப் போனார். நாங்கள் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். இடம் எங்களுடையதாக இல்லை. எதிர்க் கூடாரத்து வயோதிகரிடம் கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த தம்பி மகன், மீந்திருந்த ஐந்து கட்டைகளை எடுத்து, இரும்பு வளையத்தின் அருகே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"இதையெல்லாம் காரில் போட்டுக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், பெரியப்பா. வருகிறவர்களுக்கு ராத்திரிக்கு ஆகும்" என்றான்.

வந்த அன்று எங்களுக்காகக் காத்திருந்த நாலு கட்டைகளை யாரும் மறந்துவிட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே இருந்த கட்டை சற்றுக் கோணலாக இருந்தது. குனிந்து அதை நேராக வைத்தேன்.